பவளத் தொட்டிக்குச் சத்தமில்லாத ரிட்டர்ன் பம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இது: நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு பவளத் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர் மீன் தொட்டி. கீழே கேபினெட்டுக்குள் சம்ப், அதாவது மேலிருந்து வழிகிற தண்ணீரைச் சுத்தம் செய்யும் சிறு தொட்டி. அதில், தண்ணீரைத் திரும்ப மேலே அனுப்ப, 80 வாட் ஏ.சி. ரிட்டர்ன் பம்ப் ஒன்று ஓடுகிறது. இரவில் ஹால் முழுக்க உறுமல் கேட்கிறது, மின் கட்டணம் ஏறிவிட்டது, ஆனால் பெட்டியில் போட்டிருந்த அளவுக்குத் தண்ணீர் மேலே வரவில்லை. சத்தமில்லாமல், குறைந்த மின்சாரத்தில் ஓடக்கூடிய பம்ப் எது?

பெயரை மட்டும் சொல்லிவிட்டால் பாதி வேலைதான் முடியும். அமைதியாக ஓடுகிற பம்ப் பெரும்பாலும் சுமை குறைவாக உள்ள பம்ப்தான். உங்கள் தொட்டியில் மூன்று விஷயங்களும், உறுமல், கட்டணம், குறைந்த நீரோட்டம், ஒரே இடத்திலிருந்து வருவதற்கு வாய்ப்பு அதிகம். அது குழாய். பம்பை மாற்றுவதற்கு முன் குழாயைப் பாருங்கள். குழாயை அப்படியே விட்டுவிட்டு விலை உயர்ந்த பம்ப் வாங்கினால் அதுவும் முக்கி முனகித்தான் ஓடும்.

அதற்கும் முன்னால், சத்தம் பம்புடையதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பம்பின் சுவிட்சை அணைத்துக் காது கொடுங்கள். அணைத்த நொடியே நின்றுபோகிற சத்தம் பம்பிலிருந்து வந்தது. அரை நிமிடம், முக்கால் நிமிடம் தொடர்ந்து மெல்லத் தேய்ந்து அடங்குகிற களகளப்பு, தொட்டியிலிருந்து சம்புக்கு இறங்குகிற வடிகுழாயுடையது. இரண்டாவது வகை என்றால் உலகத்திலேயே நல்ல பம்பை வாங்கினாலும் பலன் இல்லை. பம்ப் சத்தம்தான் என்றால் மீண்டும் போட்டுவிட்டு, பம்பைக் கையால் சம்பின் அடித்தளத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்குங்கள். உறுமல் சட்டென்று குறைந்தால் பம்பில் கோளாறு ஏதும் இல்லை. அதன் அதிர்வு கண்ணாடிக்கும் பலகைக்கும் பரவி, கேபினெட் மத்தளம் போல அதிர்கிறது. தூக்கிப் பிடித்தும் கரகரவென்று கேட்டால் உள்ளே தண்டு தேய்ந்திருக்கிறது, அல்லது இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் சுழலி) சுண்ணாம்போ நத்தை ஓடோ சிக்கியிருக்கிறது. (கையை உள்ளே விடுமுன் மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பதை உறுதி செய்யுங்கள். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.)

இனி எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்ற கணக்கு. 120 × 60 × 60 செ.மீ. தொட்டியின் மொத்தக் கொள்ளளவு 432 லிட்டர். பாறையும் மணலும் மேலே விடும் இடைவெளியும் போக ஏறக்குறைய 350 லிட்டர் தண்ணீர். சம்ப் வழியாக மணிக்கு ஐந்து சுற்று போனால் தாராளம்: 1,750 லிட்டர். 2,000 லிட்டருக்கு மேல் அனுப்பத் தேவையே இல்லை. ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) தன் சொந்தப் பம்பால் இழுக்கிற அளவைத்தான் வடிக்கும்; சம்பில் வெள்ளம் பாய்ந்தால் அது கூடுதலாக வேலை செய்யாது. மாறாக ஓவர்ஃப்ளோவில் (தொட்டித் தண்ணீர் வழிந்து வடிகுழாயில் இறங்கும் இடம்) இரைச்சல் கூடும், நுண்குமிழ்கள் மேலே வரும், ஃபில்டர் சாக் (அழுக்கைப் பிடிக்கும் துணிப்பை) சீக்கிரம் நிரம்பி வழியும்.

பவளத்துக்குப் பலத்த நீரோட்டம் வேண்டுமே என்பீர்கள். வேண்டும்தான். கடினப் பவளங்களுக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல மணிக்கு 20 முதல் 40 மடங்கு ஓட்டம் கொடுப்பது வழக்கம். அந்த ஓட்டத்தைத் தொட்டிக்குள்ளேயே வைக்கிற வேவ்மேக்கர் கொடுக்கட்டும். தண்ணீரைத் தூக்குவதற்கும் தள்ளுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. உள்ளேயே வைத்துத் தள்ளுகிற நல்ல வேவ்மேக்கர் 10 வாட்டுக்குள் மணிக்கு 4,000 லிட்டருக்கு மேல் நகர்த்தும். அதே 4,000 லிட்டரை சம்பிலிருந்து மேலே தூக்க வேண்டுமென்றால் அதைப் போல ஐந்தாறு மடங்கு மின்சாரம் போகும். ரிட்டர்ன் பம்பையே நீரோட்டத்துக்கும் நம்பி 5,000, 6,000 லிட்டர் என்று வாங்குவதுதான் இந்த விஷயத்தில் நடக்கிற முதல் தவறு.

அடுத்தது ஹெட், அதாவது பம்ப் தண்ணீரைத் தூக்க வேண்டிய மொத்த உயரம். சம்பில் பம்ப் இருக்கும் அறையின் நீர்மட்டத்திலிருந்து மேலே தொட்டியின் நீர்மட்டம் வரை உள்ள செங்குத்து உயரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பம்பிலிருந்து அளப்பது தவறு, நீர்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். 85 செ.மீ. ஸ்டாண்டும் இரண்டடித் தொட்டியும் என்றால் இது 115, 120 செ.மீ. வரும். 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இதைக் குறைக்க முடியாது. இதற்கு மேல் சேர்வதெல்லாம் உராய்வு. அது நம் கையில் இருக்கிறது.

மணிக்கு 2,000 லிட்டர் போகிற குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் இஞ்ச் பைப்பின் உள்விட்டம் சுமார் 20 மி.மீ. அதில் தண்ணீர் நொடிக்கு 1.8 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 18 செ.மீ. ஹெட் உராய்விலேயே போய்விடும். இரண்டு மீட்டர் குழாய், மூன்று எல்போ, கடைசியில் வெளியேறும்போது வீணாகும் வேகம், எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதாவது உங்கள் பம்ப் 1.2 மீட்டர் தூக்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அது 2.2 மீட்டர் தூக்குகிறது. அதே வழியை ஒரு இஞ்ச் பைப்பில், 26 மி.மீ. உள்விட்டத்தில் போட்டால் வேகம் நொடிக்கு ஒரு மீட்டராகக் குறையும். உராய்வு மூன்றில் ஒரு பங்காகி, மொத்த ஹெட் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். விட்டம் பாதியானால் உராய்வு இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை, முப்பது மடங்குக்குப் பக்கத்தில் ஏறுகிறது. பம்பின் வாய் முக்கால் இஞ்ச்தானே, அதே அளவில் குழாயும் போடுவோம் என்று நினைப்பது இயல்பு. வாயிலிருந்து வெளியே வந்தவுடனேயே ஒரு இஞ்சுக்குப் பெரிதாக்கிவிட வேண்டும்.

கடையில் குழாய் வாங்கும்போது பெயரை நம்ப வேண்டாம். ‘ஒரு இஞ்ச்’ என்று தருகிற சி.பி.வி.சி. குழாயின் துளை, அதே பெயரில் வரும் யு.பி.வி.சி. குழாயின் துளையை விடச் சிறியது. ஸ்கேல் வைத்து உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். எல்போவுக்குப் பதில் நீள வளைவுள்ள பெண்ட் கிடைத்தால் அதைப் போடலாம், அல்லது 45 டிகிரியில் இரண்டு. ஓட்டத்தைச் சரிசெய்யும் கேட் வால்வ் வாங்கும்போது ரொம்பக் கவனம்: ஹார்டுவேர் கடையில் சாதாரணமாக எடுத்துத் தருவது பித்தளை. பித்தளையில் இருக்கிற செம்பு உப்புத் தண்ணீரில் கரையும். பவளம், இறால், நத்தை எதுவும் செம்பைத் தாங்காது. வால்வ், யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), ரெட்யூசர் என்று தண்ணீர் தொடுகிற ஒவ்வொன்றும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். ஹோஸ் கிளிப்பும் அப்படித்தான். ஸ்டீல் கிளிப் சில மாதங்களில் துருப்பிடித்து ஒழுகும்.

இப்போது பம்ப் பெட்டியைப் பார்ப்போம். அதில் இரண்டு எண்கள் பெரிதாக இருக்கும்: மணிக்கு இத்தனை லிட்டர், இத்தனை மீட்டர் ஹெட். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. அந்த லிட்டர் கணக்கு உயரமே இல்லாதபோது வருவது. அந்த மீட்டர் கணக்கு தண்ணீர் குழாயில் ஏறி அசையாமல் நிற்கும் உயரம். அங்கே ஓட்டம் பூஜ்யம். நடுவில் என்ன நடக்கிறது என்பதை பம்பின் வரைபடம்தான் சொல்லும். வரைபடம் தராத நிறுவனம் என்றால் இரண்டு எண்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துக் கணக்கிடுங்கள். 3,500 லிட்டர், 3 மீட்டர் என்று போட்டிருக்கும் பம்ப் 1.5 மீட்டர் ஹெட்டில் பாதி, அதாவது 1,750 லிட்டர் தரும். உண்மையான வரைபடம் பொதுவாக மேல்நோக்கி வளைந்திருக்கும் என்பதால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். நேர்கோட்டுக் கணக்கு பாதுகாப்பான பக்கம் நிற்கும். அதே பம்பை முக்கால் இஞ்ச் குழாயில் மாட்டினால் ஆயிரத்துச் சொச்சம் லிட்டர்தான் மேலே வந்து சேரும். பெட்டியில் போட்டது ஏன் வரவில்லை என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அமெரிக்கப் பம்புகளில் கணக்கு காலனில் இருக்கும். அவர்கள் காலன் 3.785 லிட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி.யா, டி.சி.யா? ஏ.சி. பம்ப் என்பது ஒரு நிலைக்காந்தமும் அதைச் சுற்றி ஒரு சுருளும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 3,000 சுற்று. அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இதில் ஒரு பிறவிக் குறை உண்டு. இந்தவகை மோட்டார் ஒவ்வொரு முறை போடும்போதும் வலப்பக்கமோ இடப்பக்கமோ, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கலாம். அதனால் இம்பெல்லர் இதழ்களை ஒரு பக்கமாக வளைத்துச் செய்ய முடியாது. நேராகவே வைக்க வேண்டியிருக்கிறது. நேர் இதழ் தண்ணீரைத் தள்ளுவதைவிடக் கலக்குவதுதான் அதிகம். டி.சி. பம்பில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதை எலக்ட்ரானிக்ஸ் முடிவு செய்கிறது. எனவே வளைந்த இதழ்களும் அதற்கேற்ற கூடும் கொடுத்துச் செய்யலாம். அதே தண்ணீரை அதே உயரத்துக்குக் குறைந்த வாட்டில் தூக்குவதற்கு முக்கியக் காரணம் இந்த வளைவு. சத்தத்துக்கும் இதில் பதில் உண்டு. ஏ.சி. பம்ப் நொடிக்கு 100 முறை, மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் போல இரண்டு மடங்கு, அதிர்கிறது. இரவில் கேட்கிற அந்தத் தாழ்ந்த உறுமல் அதுதான். சைன் அலையில் (சீராக ஏறி இறங்கும் மின்னலை) ஓட்டுகிற நல்ல டி.சி. கன்ட்ரோலரில் இந்த உறுமல் இல்லை. மலிவான கன்ட்ரோலர்கள் சைன் அலை தருவதில்லை. அவற்றில் உறுமலுக்குப் பதில் மெல்லிய ‘ஈ...’ என்ற ரீங்காரம் வரும். சிலர் காதுக்கு அது உறுமலைவிடத் தொந்தரவு.

அதற்காக ஏ.சி. பம்பைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. ஜெர்மனியின் ஏஹைம், இத்தாலியின் சிச்சே போன்ற நிறுவனங்களின் பீங்கான் தண்டு வைத்த ஏ.சி. பம்புகள் வருடக்கணக்கில் ஓடும். எலக்ட்ரானிக்ஸ் இல்லாததால் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. இம்பெல்லரை மாற்றினால் புதுசு மாதிரி ஆகிவிடும். டி.சி. பம்பில் பெரும்பாலும் முதலில் போவது அடாப்டரும் கன்ட்ரோலரும்தான், மோட்டார் இல்லை. கேபினெட்டுக்குள் இருக்கிற உப்புக் காற்று அவற்றை அரித்துவிடும். ஆகவே அடாப்டரையும் கன்ட்ரோலரையும் கேபினெட்டுக்கு வெளியே, தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் மாட்டுங்கள். ஒயர் கீழே தொங்கி மேலே ஏறி பிளக்குக்குப் போகட்டும், அப்போதுதான் ஒயரில் வழியும் தண்ணீர் சொட்டி விழுந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிற ஏ.சி. பம்ப் மலிவாகக் கிடைக்கும். வாங்க வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பம்பை டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்தாகும். ஓட்டம் 83 சதவீதம், ஹெட் 69 சதவீதம்தான் வரும். சுருளும் சூடாகும்.

டி.சி. பம்பில் எல்லாரும் தவறுகிற இடம் வேகக் கட்டுப்பாடு. பெரிய பம்ப் வாங்கி மெதுவாக ஓட்டினால் சத்தம் குறையும் என்ற அறிவுரை சரிதான், ஓர் எல்லை வரை. வேகத்தைக் குறைத்தால் ஓட்டம் அதே விகிதத்தில் குறையும். ஹெட் அதன் இருமடியில் குறையும். வாட் மும்மடியில் குறையும். மும்மடி என்பதுதான் மின்சாரத்தில் லாபம்: 80 சதவீத வேகத்தில் பாதி வாட் போதும். ஆனால் இருமடி காலை வாரிவிடும். 5,000 லிட்டர், 4 மீட்டர் ஹெட் என்று போட்டிருக்கும் ஒரு பம்பை 60 சதவீதத்தில் வைத்தால் 3,000 லிட்டர் வரும் என்று மனக்கணக்கு சொல்லும். அந்த வேகத்தில் அதன் அதிகபட்ச ஹெட் 1.44 மீட்டர். உங்கள் தொட்டிக்குத் தூக்கவே 1.2 மீட்டர் வேண்டும். மிச்சம் இருப்பது 24 செ.மீ. நேர்கோட்டுக் கணக்கில் மேலே வருவது 500 லிட்டருக்கும் குறைவுதான். 80 சதவீதத்தில் 1,700, 85 சதவீதத்தில் 2,000 என்று சட்டென்று ஏறும். எனவே டி.சி. பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது லிட்டரைவிட மீட்டரைப் பாருங்கள். உங்கள் செங்குத்து உயரத்தைப் போல மூன்று மடங்கு அல்லது அதற்குச் சற்று அதிகமான ஹெட் உள்ளதை எடுத்தால் 75, 85 சதவீத வேகத்தில் நிம்மதியாக ஓட்டலாம். பிறகு அழுக்கு சேரும்போது கூட்டிக்கொள்ளவும் இடம் இருக்கும்.

இதன்படி உங்கள் தொட்டிக்கு என் பரிந்துரை: ஒரு இஞ்ச் குழாய், 24 வோல்ட் டி.சி. பம்ப், அதிகபட்சம் 4,500 முதல் 5,000 லிட்டர், ஹெட் 3.5 முதல் 4 மீட்டர், முழு வேகத்தில் 50 வாட்டுக்கு மிகாதது. இது 80, 85 சதவீதத்தில் 25 முதல் 30 வாட்டில் உங்கள் வேலையை முடித்துவிடும். சீனாவின் ஜெபாவ் இந்த அளவில் மலிவாகக் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஈகோடெக், ஜெர்மனியின் ராயல் எக்ஸ்க்ளூசிவ், அபிஸ் எல்லாம் பலமடங்கு விலை; நான்கடித் தொட்டிக்கு அந்தச் செலவு அவசியமில்லை. அந்தப் பணத்தில் கால் பங்கை ஒரு நல்ல மாற்றுப் பம்புக்கு வைப்பது புத்திசாலித்தனம்.

வெளியில் வைக்கிற பம்பா, முக்கி வைக்கிற பம்பா என்றால், இந்த அளவுத் தொட்டிக்கு முக்கி வைப்பதே சரி. சுற்றியுள்ள தண்ணீர் சத்தத்தை அமுக்கிவிடும். ஒழுகினாலும் சம்புக்குள்ளேயே ஒழுகும். ஒரு விலை கொடுக்க வேண்டும்: முக்கி வைத்த பம்ப் எடுக்கிற மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகித் தண்ணீரில்தான் சேர்கிறது. 80 வாட் என்பது, வெப்பம் வெளியேற வழியே இல்லை என்று வைத்தால், 400 லிட்டர் தண்ணீரை ஒரு நாளில் 4 டிகிரி சூடாக்கப் போதும். அதில் ஒரு பகுதி கண்ணாடி வழியாகவும் ஆவியாகவும் போய்விடுகிறது, சரி. ஆனால் சித்திரை வெயிலில் அறையே 33, 34 டிகிரியில் இருக்கும்போது, தண்ணீரை 26இல் நிறுத்தச் சில்லர் ஓடிக்கொண்டிருக்கிறது. பம்ப் போட்ட வெப்பத்தை வெளியே எடுக்க அந்தச் சில்லர் மேலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மின்சாரம் எடுக்கும். பம்பில் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு வாட்டும் சில்லரிலும் மிச்சம்.

மின் கட்டணத்தை நேராகவே பார்க்கலாம். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிற ஒரு வாட், வருடத்துக்கு 8.76 யூனிட். 80 வாட் பம்ப் 700 யூனிட் எடுக்கும். 30 வாட் பம்ப் 263. வித்தியாசம் 438 யூனிட். இரண்டு மாதக் கட்டணத்தில் 73 யூனிட். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிற இடத்தில், மேல்படியில் இருக்கிற யூனிட்டுகள்தான் குறைகின்றன என்பதால் சேமிப்பு சராசரியைவிட அதிகம். பெட்டியில் போட்ட வாட்டை நம்பாமல், பிளக்கில் சொருகும் வாட் மீட்டரால் அளந்து பாருங்கள். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்த்து 230ஆல் பெருக்கினால் ஏ.சி. பம்புக்குத் தப்பான, கூடுதலான எண் வரும். இவற்றின் பவர் ஃபாக்டர் குறைவு, அதாவது இழுக்கிற ஆம்பியர் முழுவதும் வாட்டாக மாறுவதில்லை.

ஓட்டத்தைக் குறைக்க வேண்டும் என்றால் வால்வை பம்பின் வெளிவாய்ப் பக்கம் வையுங்கள். உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் உள்ளே அழுத்தம் விழுந்து குமிழ்கள் உண்டாகி வெடிக்கும். சரளைக்கல் போட்டு அரைப்பது போலச் சத்தம் வரும், இம்பெல்லர் அரிக்கும். உறிஞ்சும் வாயில் மாட்டிய ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான்.

பம்பை மாட்டுகிற விதத்தில் பாதி அமைதி இருக்கிறது. பம்பின் வாயில் நேராக பி.வி.சி. குழாயை மாட்டினால் அதிர்வு முழுவதும் குழாய் வழியாகத் தொட்டிக்கும் பலகைக்கும் போகும். நடுவில் 15, 20 செ.மீ. நீளத்துக்கு சிலிக்கான் ஹோஸ் போடுங்கள். கண்ணாடி போலத் தெரிகிற சாதாரண பி.வி.சி. ஹோஸ் சில மாதங்களில் விறைத்துவிடும். பிறகு அதுவும் குழாய்தான். சிலிக்கான் கடைசிவரை மெத்தென்று இருக்கும். பம்பின் அடியில் சிலிக்கான் பாயோ மெத்தையான ஸ்பாஞ்சோ வையுங்கள். பம்போடு வருகிற உறிஞ்சுக் கால்கள் கொஞ்ச நாளில் கெட்டியாகி அதிர்வைக் கடத்தத் தொடங்கும். பம்ப் சம்பின் சுவரைத் தொடக் கூடாது, ஒரு விரல் இடைவெளி போதும். சம்புக்கும் பலகைக்கும் நடுவே 10 மி.மீ. ஃபோம். மேலே ஏறுகிற குழாய் கேபினெட்டைத் துளைத்துப் போகிற இடத்தில் மரம் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த ஒரே புள்ளி போதும், கேபினெட் முழுக்கப் பாடும். துளையைப் பெரிதாக்கி ரப்பர் சுற்றுங்கள்.

பம்ப் நிற்கிற அறையின் நீர்மட்டமும் சத்தத்தைத் தீர்மானிக்கும். ஆவியாகிப் போகிற தண்ணீர் மேலே தொட்டியில் குறைந்து தெரியாது, பம்ப் அறையில்தான் குறையும். அந்த அறை 30 × 20 செ.மீ. என்றால் ஒரு லிட்டர் போனாலே 1.7 செ.மீ. இறங்கும், ஐந்து லிட்டர் போனால் 8 செ.மீ. உறிஞ்சும் வாய்க்கு மேல் 10 செ.மீ.க்குக் குறைவாகத் தண்ணீர் நின்றால் சுழி விழுந்து காற்றை இழுக்கும். ‘சர்ர்’ என்ற சத்தமும், தொட்டியில் பால் கலந்தது போல நுண்குமிழும் அதனால்தான். தானாக நன்னீர் நிரப்புகிற ஏ.டி.ஓ. வைத்து மட்டத்தை நிலையாக வைத்தால் இந்தப் பிரச்சினை தலை காட்டாது, உப்பின் அளவும் நிலையாக இருக்கும்.

வடிகுழாய் களகளப்புக்கு, இரண்டு துளை உள்ள ஓவர்ஃப்ளோவில் ஹெர்பி முறை நல்ல தீர்வு. ஒரு குழாயில் கேட் வால்வ் வைத்து, காற்றே உள்ளே போகாமல் முழுக்கத் தண்ணீராலேயே நிரம்பி ஓடும்படி மெல்ல மூடிச் சரிசெய்வார்கள். இரண்டாவது குழாய் உயரமாக, வால்வ் எதுவும் இல்லாமல், அவசரத்துக்கு மட்டும். பால் (ball) வால்வில் அந்த நுணுக்கம் வராது, கேட் வால்வே வேண்டும். இப்படிச் சரிசெய்த தொட்டியில் ஒருநாள் திடீரென்று களகளப்பு திரும்பி வந்தால் வடிகுழாயைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் பம்ப் அழுக்கேறி ஓட்டம் குறைந்திருக்கும்.

மின்வெட்டைத் திட்டமிடாமல் ரிட்டர்ன் குழாய் போடக் கூடாது. பம்ப் நின்றதும் ரிட்டர்ன் வாய் வழியாகத் தண்ணீர் தலைகீழாக சம்புக்கு இறங்கும், வாய்க்குக் காற்று எட்டும்வரை. உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது 7.2 லிட்டர். வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்து, ஓவர்ஃப்ளோ வழியாக வடிவதும் சேர்ந்தால் 30 லிட்டருக்கு மேல் கீழே வரும். 90 × 40 செ.மீ. சம்பில் 10 செ.மீ. காலியாக விட்டால் 36 லிட்டர் பிடிக்கும். நீர்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே ரிட்டர்ன் குழாயில் 4 மி.மீ. துளை ஒன்று போடுங்கள், அங்கே காற்று புகுந்து இறக்கம் நின்றுவிடும். வாரம் ஒருமுறை பல் குச்சியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதன் நாக்கில் சிறு நத்தையோ பாசியோ ஒட்டினால் மூடாது. ஹெட்டையும் வீணாகத் தின்னும். புது அமைப்பு ஓடத் தொடங்கியதும் நீங்களே பம்பை அணைத்து, சம்ப் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கோடு போட்டுவையுங்கள்.

இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் அலை இன்வெர்ட்டராக இருக்கட்டும். சதுர அலையில் ஏ.சி. பம்ப் பயங்கரமாக உறுமிச் சூடாகும். நீண்ட மின்வெட்டில் பேட்டரியை ரிட்டர்ன் பம்புக்குச் செலவழிப்பதைவிட ஒரு வேவ்மேக்கருக்குக் கொடுங்கள். நீரின் மேற்பரப்பு அலைந்துகொண்டிருந்தால் மீனுக்கும் பவளத்துக்கும் ஆக்ஸிஜன் கிடைத்துவிடும்.

கால்சியமும் கே.ஹெச்.சும் (கார்பனேட் காரத்தன்மை) உயர்த்தி வைத்திருக்கிற பவளத் தொட்டியில், சூடாக இருக்கிற இடம் எதுவோ அங்கே சுண்ணாம்பு படியும். பம்பில் அது காந்தத்தின் மேலும் அதைச் சுற்றிய கூட்டிலும். அறிகுறிகள் வரிசையாக வரும்: முதலில் ஓட்டம் குறையும், பிறகு சத்தம் கூடும், கடைசியில் ஒரு மின்வெட்டுக்குப் பின் திரும்ப ஓடாது. மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். வினிகருக்குப் பதில் சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு 50 கிராம், இன்னும் மலிவு. பின்பு மூடியைத் திறந்து இம்பெல்லரை நேராக இழுத்து எடுங்கள். சாய்த்து இழுத்தால் பீங்கான் தண்டு மளுக்கென்று உடையும். மென்மையான பிரஷ்ஷால் கூட்டின் உட்புறத்தைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். காந்தத்தின் பிளாஸ்டிக் உறை உப்பியோ வெடித்தோ துருக்கறை தெரிந்தாலோ அந்த இம்பெல்லரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உலோகம் தண்ணீரில் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஏர் கூலருக்கும் சிறு நீரூற்றுக்கும் விற்கிற மலிவுப் பம்புகளை அவசரத்துக்குக்கூட சம்பில் போடாதீர்கள். பலவற்றில் தண்டும் திருகும் சாதாரண இரும்பு.

புதுப் பம்ப் வந்ததும் தொட்டியில் மாட்டுமுன் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுக் கேளுங்கள். முதல் சில மணி நேரம் உள்ளே சிக்கிய காற்றால் கொஞ்சம் கரகரக்கும், அது போய்விடும். மறுநாளும் கரகரத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பழகினால் சரியாகும் என்று கடைக்காரர் சொன்னாலும். மாட்டிய பிறகு, ரிட்டர்ன் வாயில் ஒரு ஹோஸைப் பிடித்து, அதன் நுனியைத் தொட்டி நீர்மட்ட உயரத்திலேயே வைத்து, 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். 18 நொடி என்றால் மணிக்கு 2,000 லிட்டர், 20 நொடி என்றால் 1,800. அந்த எண்ணையும், வாட் மீட்டர் காட்டியதையும், கன்ட்ரோலர் வேகத்தையும் தேதி போட்டு கேபினெட் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வேகத்தில் 25 நொடி எடுத்தால், கழற்றிச் சுத்தம் செய்கிற நாள் வந்துவிட்டது.

உங்கள் பழைய 80 வாட் பம்பை விற்றுவிட வேண்டாம். சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தி, புதுக் குழாயோடு பொருந்துகிற யூனியன் ஒன்றை இப்போதே மாட்டி அலமாரியில் வையுங்கள். டி.சி. அடாப்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் போனால் பத்து நிமிடத்தில் தொட்டி மீண்டும் ஓடத் தொடங்கும்.